லேகியமும் பிரமாணமும்

உண்ணும் பண்டம் எதுவானாலும் அதற்கு வயிறே அளவுகோல் என்று நம்பி வாழும் மனிதனுக்கு, அந்த அளவுகோல் சிறிதும் பயன்படாத பண்டம் ஒன்று உண்டென்றால், அது கஞ்சா சேர்ந்த தின்பண்டமே. புகையாக உள்ளே செல்லும் கஞ்சா சில நிமிஷங்களிலேயே தன் வரவை அறிவித்துவிடுவதால், புகைப்பவன் போதும் என்று நிறுத்திக்கொள்ள ஓர் அவகாசம் கிடைக்கிறது. உணவாகச் செல்வதோ, இரைப்பையையும் குடலையும் கடந்து, ஈரலுக்குள் புகுந்து, அங்கே ஒரு பகுதி முன்னிலும் உக்கிரமான வேறொரு வஸ்துவாக உருமாறி, அதன் பின்னரே மூளையை எட்டுகிறபடியால், அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரையில் ஒன்றுமே நடவாததுபோல் இருந்துவிட்டுப் பிறகு ஆறு மணி, எட்டு மணி என்று ஆளை விடாமல் பற்றிக்கொள்கிறது. புதிதாக உண்பவன் “ஒன்றும் செய்யவில்லையே” என்று இரண்டாம் முறை கை நீட்டுவது அந்த மௌனமான இடைவேளையில்தான். எவ்வளவு உண்பது என்ற கேள்வியோடு எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்ற கேள்வியும் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்க, முன்னதற்கு விடை தேடியவர்கள் பின்னதை மறந்துபோனதே இந்தச் சரித்திரத்தில் தேசம்தோறும் நிகழ்ந்திருக்கிறது.

பாரத தேசத்தில் இந்தச் செடியை உண்ணும் வழக்கமும் குடிக்கும் வழக்கமும் மிகப் பழமையானவை. இலையை அரைத்துப் பாலும் வாசனைச் சரக்குகளும் சேர்த்துக் குடிக்கும் பாங்கும், நெய்யில் சத்தை இறக்கிச் சர்க்கரைப் பாகில் கலந்து செய்யும் மாஜூனும் வடக்கே பெயர் பெற்றவை. 1563இல் கோவாவில் தம் மருந்துநூலை அச்சிட்ட போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, இதைப் பற்றித் தனி உரையாடல் ஒன்றே எழுதியிருக்கிறார். போர்த்துகலுக்கும் பிரேசிலுக்கும் துருக்கிக்கும் இரவில் போய்வர விரும்பினால் தாம் சிறிது பாங்கு உண்டால் போதும் என்று குஜராத்தின் சுல்தான் பகதூர் ஷா போர்த்துகீசியத் தலைவர் மார்த்திம் அபோன்சோவிடம் சொன்னதாக அவர் குறித்து வைத்த செய்தி வேடிக்கையானது. ஆனால் அந்தச் ‘சிறிது’ எவ்வளவு என்பதைச் சுல்தானும் சொல்லவில்லை, வைத்தியரும் கேட்கவில்லை. நம் நாட்டு வைத்திய மரபில், சித்தமாயினும் ஆயுர்வேதமாயினும், கஞ்சா சேரும் லேகியங்கள் உண்டு. அவற்றுக்குச் சுண்டைக்காய்ப் பிரமாணம், கொட்டைப்பாக்குப் பிரமாணம் என்று அளவும், அனுபானமும், பத்தியமும் விதிப்பது வைத்தியர் வழக்கம். காய்க்குக் காய் பருமன் வேறுபடுமே என்று இன்றைய இரசாயன சாஸ்திரி நகைக்கலாம். லேகியத்தைக் கிண்டியவரே நாடி பார்த்துக் கொடுப்பவராகவும், உண்டவர் மறுநாள் வந்து சொல்லக்கூடிய தூரத்தில் இருப்பவராகவும் இருந்தவரையில், அந்தப் பிரமாணத்தில் குறை எதுவும் பெரிதாக வெளிப்பட வழியில்லை.

இந்த அளவை முதன்முதல் தராசில் நிறுத்து எழுதி வைத்தவர்களுள் தலையானவர் வில்லியம் புரூக் ஓஷானெஸி. அயர்லாந்தின் லிமெரிக் நகரத்தில் பிறந்து, எடின்பரோவில் வைத்தியம் பயின்று, 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியராகக் கல்கத்தாவுக்கு வந்து, 1835இல் நிறுவப்பட்ட அந்நகரத்து மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக அமர்ந்த இந்த மனிதரின் ஊக்கத்துக்கு எல்லையே இருந்ததாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் கல்கத்தாவையும் ஆக்ராவையும் பம்பாயையும் சென்னையையும் தந்திக் கம்பியால் இணைத்தவரும் இவரே. இந்நாட்டவர் உண்டும் குடித்தும் புகைத்தும் வந்த கஞ்சாவைப் பற்றிப் பண்டிதர்களையும் ஹகீம்களையும் கேட்டதோடு நில்லாமல், கல்கத்தாவில் கஞ்சாப் பிரியர்கள் கூடும் பிரசித்தமான இடம் ஒன்றை நடத்திவந்த அமீர் என்பவரைத் தம் கண்ணெதிரே பலமுறை மாஜூன் செய்யச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தையும் ஓஷானெஸி குறித்துக்கொண்டார்.

அமீருடைய கைவேலையில் ஒரு நுட்பம் உண்டு. இலையை நெய்யோடும் நீரோடும் காய்ச்சி, நீர் வற்றியதை நெய் வெடிக்கும் ஓசையால் அறிந்து, துணியில் பிழிந்து, உறைந்த பச்சை நெய்யைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கழுவிய நீரைக் கொட்டிவிட்டு, வெளுத்த நெய்யை மட்டும் பாகில் சேர்த்துப் பன்னீர் அத்தர் தெளித்துத் தட்டில் ஊற்றி வில்லைகளாக வெட்டுவது அவருடைய முறை. கஞ்சாவின் போதைச் சத்து கொழுப்பில் கரையும், நீரில் கரையாது என்ற உண்மையை, அந்தச் சத்தின் பெயரே உலகத்துக்குத் தெரியாத காலத்தில், கல்கத்தாக் கடைக்காரர் ஒருவர் தம் அடுப்படியில் பிரயோகித்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது சாஸ்திரத்துக்கும் தொழிலுக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவோ என்று தோன்றுகிறது. சேர் ஒன்று நான்கு ரூபாய் விலை; புதியவருக்கு ஒரு டிராம் எடை போதும், பழகியவருக்கு மூன்று டிராம் வேண்டும் என்பது ஓஷானெஸி எழுதி வைத்த அளவு. ஒரு சேர் 80 தோலா, ஒரு தோலா 180 கிரெயின், ஒரு டிராம் 60 கிரெயின் என்ற கணக்கில் பார்த்தால், ஒரு சேர் மாஜூனில் புதியவர்களுக்கு 240 வேளை இருந்தது. தலைக்கு ஏறக்குறையக் காலணாச் செலவு. புதியவருக்கென்றும் பழகியவருக்கென்றும் தனித்தனியே அளவு வகுத்து அச்சேறிய மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

கடைக்காரரின் கணக்கோடு திருப்தியடையாமல் பேராசிரியர் பரீட்சையில் இறங்கினார். நடுத்தர நாய் ஒன்றுக்கு நேபாளத்துச் சரஸ் எனும் கஞ்சாப் பிசின் பத்து கிரெயின் கொடுத்தபோது அது அரை மணிக்குள் மந்தமாகி, தூங்கி வழிந்து, எதையோ கண்டு பரம திருப்தி அடைந்ததுபோல் வாலை ஆட்டி, தள்ளாடி நடந்து, ஆறு மணி நேரத்தில் பழையபடி சுறுசுறுப்பாகிவிட்டது. நாய், பூனை, கழுகு, காக்கை ஆகியவை விரைவில் மயங்க, குதிரையும் ஆடும் மாடும் எவ்வளவு கொடுத்தாலும் அற்பமாகவே அசைந்துகொடுத்தன. பிறகு 1838 நவம்பர் 6ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்கு வாத நோயாளிகள் மூவருக்குத் தலைக்கு ஒரு கிரெயின் பிசினைக் கரைத்துக் கொடுத்தார். நம் கணக்கில் அரைக் குன்றிமணி எடை. 4 மணிக்கு ஒருவர் வாயாடத் தொடங்கி, பாட்டுப் பாடி, இன்னும் சோறு கொண்டுவரும்படி கூவி, தமக்கு நோயே இல்லை என்றும் அறிவித்தார். மற்ற இருவரிடத்தில் அந்நேரம் ஒரு மாறுதலும் இல்லை. 8 மணிக்கு அதே ஆள் உணர்விழந்து கிடந்தார். கையையோ காலையோ எந்த நிலையில் தூக்கி வைத்தாலும் அது அந்த நிலையிலேயே நின்றது. மூவருக்கும் ஒரே மருந்து, ஒரே எடை, ஒரே வேளை. பலன் மட்டும் ஒன்றல்ல. அடுத்த நோயாளிகளுக்கு ஓஷானெஸி அளவைப் பாதியாகக் குறைத்தார்.

அவர் 1840களின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்று, லண்டன் ஆக்ஸ்போர்டு வீதியின் பீட்டர் ஸ்குவயர் என்ற மருந்துக்காரரிடம் சரக்கைக் கொடுத்துச் சத்து இறக்கச் சொன்னபோது, வேறொரு சிக்கல் முளைத்தது. கல்கத்தாவில் ஒன்றரை கிரெயினைப் பெரிய அளவு என்று எண்ணிப் பழகியவர், இங்கிலாந்தில் பத்துப் பன்னிரண்டு கிரெயின் கொடுத்தும் எதிர்பார்த்த பலனைக் காண அரும்பாடு பட்டார். கப்பலில் மாதக்கணக்காகக் கிடந்த சரக்கில் காற்றும் வெப்பமும் காலமும் சத்தைத் தின்றுவிட்டிருந்தன. ஒரே மரத்து மாங்காயில் ஒன்று புளிக்க ஒன்று சப்பென்றிருப்பதுபோல், சீசாவுக்குச் சீசா வீரியம் மாறிய இந்த மருந்தை, ஐரோப்பிய வைத்தியர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆவலோடும் ஐயத்தோடும் கையாண்டார்கள்.

பாரிஸில் இதே காலத்தில் நடந்தவற்றை அதிகம் விவரிக்க வேண்டியதில்லை; இலக்கியக்காரர்கள் அவற்றை வேண்டிய அளவுக்கு மேலேயே விவரித்துவிட்டார்கள். சித்தப்பிரமையை ஆராய்ந்த வைத்தியர் மொரோ, கிழக்கிலிருந்து வந்த பச்சை லேகியத்தைத் தாமும் உண்டு, நண்பர்களுக்கும் கொடுத்து, 1845இல் அதைப் பற்றி நூல் எழுதினார். சேன் நதித் தீவில் இருந்த பழைய மாளிகையில் கூடிய எழுத்தாளர்களுக்குக் கட்டைவிரல் பருமன் லேகியம் கரண்டியால் வழங்கப்பட்டதைத் தியோபீல் கோத்தியே வர்ணித்தார்; 1860இல் போதலேர் அக்ரூட் அளவு என்றார். விரலும் கொட்டையுமே அங்கும் படிக்கல்லாக இருந்தன என்பதுதான் நம் விஷயத்துக்கு வேண்டியது.

அமெரிக்காவில் பிட்ஸ் ஹியூ லட்லோ என்ற பதின்பருவ இளைஞன் செய்த பரீட்சை இதைவிடக் கற்பிக்கத்தக்கது. நியூயார்க் மாகாணத்துப் பொகீப்சி ஊரில் மருந்துக் கடை ஒன்றில் பொழுது போக்கி, அலமாரிச் சீசாக்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வந்த இவன், டில்டன் கம்பெனியின் கஞ்சாச் சத்தைக் கண்டு, முதலில் பத்து கிரெயின் உண்டான், ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பதினைந்து, ஒன்றும் இல்லை. ஐந்தைந்தாக ஏற்றி முப்பதை எட்டிய மாலையில், நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், உண்டதையே ஏறக்குறைய மறந்துவிட்ட நேரத்தில், அது திடீரென்று அவனைப் பிடித்தது. தான் சாகப்போவதாக நம்பி வைத்தியரைத் தேடி ஓடினான். கல்கத்தாவில் ஒரு கிரெயின் ஒருவரைச் சிலையாக்கியது, இங்கே இருபத்தைந்து கிரெயின் ஒருவனை அசைக்கவும் இல்லை, முப்பது கிரெயின் நரகத்தையும் சொர்க்கத்தையும் காட்டியது. லட்லோ 1857இல் வெளியிட்ட ‘ஹஷீஷ் உண்பவன்’ என்ற நூல் அமெரிக்காவில் பரபரப்போடு படிக்கப்பட்டது. ஒரே நாளில் இரண்டாம் முறை கை நீட்டாமல் நாட்களை இடைவிட்டு ஏற்றினானே என்ற அளவில், அவனுக்குப் பின் வந்த பலரைவிட அந்தச் சிறுவன் நிதானமுள்ளவன் என்றே சொல்லவேண்டும்.

இதற்கிடையே இந்தியாவில் அரசாங்கமே கணக்கெடுக்கப் புறப்பட்டது. கஞ்சா இந்நாட்டவரைச் சித்தம் கலங்கச் செய்கிறது என்ற புகார் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழ, 1893இல் நியமிக்கப்பட்ட கமிஷன், மாக்வொர்த் யங் தலைமையில், மூன்று இந்தியர் உள்பட எழுவர் கூடி, நாடு முழுவதும் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையைக் கொடுத்தது. இலையான பாங்கு, பெண் செடியின் பூங்கொத்தான கஞ்சா, பிசினான சரஸ் என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்து, மிதமான உபயோகத்தால் பொதுவாகத் தீங்கில்லை, மிதமிஞ்சிய உபயோகம் தீங்கு, மிதமே பெரும்பான்மை என்று அது முடிவு சொன்னது. மிதம் என்பது இத்தனை தோலா என்று ஒரு கோடு கிழிக்க அந்த அறிக்கையால் இயலவில்லை; ஆளையும் பழக்கத்தையும் சரக்கையும் விட்டுவிட்டு அந்தக் கோட்டைக் கிழிக்க எவராலும் இயலாது. இலைக்கும் பூவுக்கும் அன்று செய்த பேதம் இன்றும் சட்டத்தில் நிற்கிறது: 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில், பூவோ காயோ சேராத தனி இலை கஞ்சாவின் இலக்கணத்துக்கு வெளியே விடப்பட்டிருப்பதால்தான், காசியிலும் ராஜஸ்தானத்திலும் அரசாங்க அனுமதியோடு பாங்குக் கடைகள் நடக்கின்றன, பூ சேர்ந்த சரக்கோ அனுமதியின்றி எங்கே இருந்தாலும் குற்றமே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருந்துக் கம்பெனிகள் இந்த வீரியச் சிக்கலைத் தீர்க்க நாயைத் துணைக்கு அழைத்தன. எந்த வஸ்து போதை தருகிறது என்றே தெரியாத நிலையில் அதைத் தராசில் நிறுப்பது எப்படி? ஆகவே டெட்ராய்ட் நகரத்துப் பார்க் டேவிஸ் கம்பெனி முதலியவை, சத்தை நாய்க்கு ஊட்டி, அது எந்த அளவில் தள்ளாடத் தொடங்குகிறதோ அதைக்கொண்டு சரக்கின் வீரியத்தை மதிப்பிட்டன. நாய்களிலும் சில சீக்கிரம் தள்ளாடின, சில தாமதமாகத் தள்ளாடின. தூக்கத்துக்கும் வலிக்கும் நிச்சயமான அளவுடைய புதிய மருந்துகள் வந்துவிடவே, வைத்தியர்கள் இதைக் கைவிடத் தொடங்கினார்கள். 1937இல் அமெரிக்கா கஞ்சாவுக்கு இயற்றிய வரிச் சட்டம் மிச்சத்தை முடித்தது. 1942இல் அமெரிக்க மருந்துநூலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது.

டி.எச்.சி. என்று இன்று அழைக்கப்படும், போதை தரும் அந்த வஸ்துவைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ரபாயேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும், ஆண்டு 1964. போலீஸார் கைப்பற்றி வைத்திருந்த லெபனான் ஹஷீஷ் என்ற கஞ்சாப் பிசின் ஐந்து கிலோவைக் கேட்டு வாங்கி, மெக்கூலம் அதைப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனபோது, இதென்ன வாசனை என்று உடன் பிரயாணம் செய்தவர்கள் மூக்கை உறிஞ்சியதாக அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தூய வஸ்து கைக்கு வந்தபின், அவருடைய மனைவி கேக் சுட்டார். நண்பர்கள் பத்துப் பேரில் ஐவருக்கு வெறும் கேக். ஐவருக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. சேர்ந்த கேக். உண்ட ஐவரும் மாறினார்கள், ஆனால் ஐவரும் ஐந்து விதமாக: ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தார், ஒருவர் தமக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார், ஒருவரைப் பயம் கவ்வியது. சரக்கின் சந்தேகம் முற்றிலும் தீர்ந்து, எடை மில்லிகிராம் வரை நிச்சயமான பின்னும், ஓஷானெஸியின் மூன்று நோயாளிகள் காட்டிய வேற்றுமை அப்படியே இருந்தது. ஈரலில் உருமாறும் அந்த இரண்டாவது வஸ்து 1970களின் தொடக்கத்தில் ஆராயப்பட்டபோதுதான், உண்பதும் புகைப்பதும் ஏன் இருவேறு அனுபவங்கள் என்பதற்குச் சாஸ்திர விளக்கம் கிடைத்தது. 1985இல் அமெரிக்காவில் நோயாளிகளுக்கென்று அனுமதிக்கப்பட்ட டி.எச்.சி. மாத்திரையில், எள்ளெண்ணெயில் கரைத்த வஸ்து 2.5, 5, 10 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில் அடைக்கப்பட்டது. அமீருடைய நெய்க்குப் பதில் நம் நல்லெண்ணெயே அங்கே போய்ச் சேர்ந்தது.

வைத்தியசாலைக்கு வெளியேயோ, அளவு சமையலறைக்குத் திரும்பிவிட்டிருந்தது. 1954இல் வெளிவந்த ஆலிஸ் டோக்லஸின் சமையல் நூலில், நண்பர் ஒருவர் அனுப்பிய ஹஷீஷ் மிட்டாய்ச் செய்முறை இடம்பெற்று, இரண்டு துண்டு தாராளம் என்ற எச்சரிக்கையோடு லண்டனில் அச்சாயிற்று. அமெரிக்கப் பதிப்பாளர் முதலில் அதை விட்டுவிட்டார். அந்த மிட்டாயே மக்கள் வாயில் பிரௌனி கேக்காக மாறி, ஒரு தலைமுறையின் வழக்கமாயிற்று. சான்பிரான்சிஸ்கோவில் மேரி ராத்பன் என்ற மூதாட்டி, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவசமாகப் பிரௌனி சுட்டுக் கொடுத்தும் பலமுறை கைதாகியும், ‘பிரௌனி மேரி’ என்ற பெயரோடு 1996இல் கலிபோர்னியா வைத்தியக் கஞ்சாவை அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியதில் பங்குகொண்டார். அவர் தம் நோயாளிகளைப் பெயர் சொல்லி அறிந்தவர். கிண்டியவரே கொடுப்பவர் என்ற பழைய உறவு கடைசியாக ஒருமுறை அங்கே தழைத்தது.

அந்த உறவு இல்லாத வியாபாரம் 2014 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் தொடங்கியது. வயது வந்த எவரும் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். 10 மில்லிகிராம் ஒரு வேளைப் பங்கு என்ற விதியும் ஏட்டில் இருந்தது. ஆனால் பண்டத்தில் கோடு இல்லை. ஒரு குக்கியில் 65 மில்லிகிராம், அதாவது ஆறரைப் பங்கு. உருண்டையான குக்கியை ஆறரையாக எவர் வெட்டுவார்? அவ்வருஷம் மார்ச் மாதத்தில், வெளியூரிலிருந்து டென்வருக்கு வந்திருந்த 19 வயது மாணவர் ஒருவர், கடைக்காரர் சொன்னபடி ஒரு துண்டை மட்டும் உண்டு, அரை மணியோ ஒரு மணியோ பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையென்று மீதி முழுவதையும் உண்டு, சில மணி நேரத்தில் நிலை தடுமாறி மாடியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். ஜூன் மாதத்தில், பெயர்பெற்ற பத்திரிகையாளர் மொரீன் டவுட், ஹோட்டல் அறையில் சாக்லேட் ஒன்றைக் கடித்துவிட்டு எட்டு மணி நேரம் நடுங்கிக் கிடந்ததைத் தம் பத்தியிலேயே எழுதினார். புதியவர்கள் அதைப் பதினாறு துண்டாக வெட்டி ஒன்றை உண்ணவேண்டும் என்று பின்னர் கேள்விப்பட்டாராம், உறையில் அப்படி எதுவும் அச்சிட்டிருக்கவில்லை. சட்டம் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிட்டது. அமீரின் கடையில் மாஜூன் வில்லையாகவே வெட்டப்பட்டிருந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும்.

2015 பிப்ரவரி முதல் கொலராடோவில் ஒவ்வொரு பங்கும் தனியே உடைத்தெடுக்கும்படி பண்டத்திலேயே குறிக்கப்படவேண்டும் என்று விதி கடுமையாயிற்று; பிறகு துண்டுதோறும் எச்சரிக்கை முத்திரை வந்தது; கரடி, பழம் முதலிய உருவங்களில் வார்ப்பது, குழந்தைகள் மிட்டாயென்று எடுத்து உண்பதைத் தடுக்கும் பொருட்டு, 2017இல் விலக்கப்பட்டது. 2019 அக்டோபரில் தின்பண்டங்களை அனுமதித்த கனடா இன்னும் ஒரு படி மேலே போய், பொட்டலம் முழுவதற்குமே 10 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. புதியவர் 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ உண்டு நிறுத்தவேண்டும், முழுப் பலன் தெரிய நான்கு மணி நேரம் வரை ஆகலாம் என்பது அந்நாட்டுச் சுகாதார இலாகாவின் அறிவுரை. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். எனக்கோ கனடாக்காரர்களின் கஞ்சத்தனத்தில் விவேகம் இருப்பதாகவே படுகிறது. பொறுமையிழந்து பொட்டலத்தை முழுவதும் விழுங்கினாலும் கொலராடோவின் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போக வழியில்லை.

10 என்ற அந்த எண்ணும் நிலைத்துவிடவில்லை. ஆரிகன் மாகாணம் பங்கைப் பாதியாக்கி 5 என்றது. 2021இல் அமெரிக்க அரசாங்கத்தின் போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும், ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஒரே அலகில் கணக்குச் சொல்லவேண்டும் என்று 5 மில்லிகிராமையே அளவாக வகுத்தது. புகைத்தாலும் உண்டாலும் அலகு அதுவே. நுரையீரல் வழியே செல்லும் 5 மில்லிகிராமும் ஈரல் வழியே செல்லும் 5 மில்லிகிராமும் ஒன்றாகுமா என்ற ஆட்சேபம் எழுந்தது. அந்த அலகு எடைக்குத்தானே தவிர உடம்பில் விளையும் பலனுக்கு அல்ல என்பது நிறுவனத்தின் விடை. அந்த வாதம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.